புல்லை அளந்த கோல்



மலையகத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால் முதலில் கோப்பியைச் சொல்வோம். பிறகு தேயிலையைச் சொல்வோம். புகையிரதப் பாதையையும் லயங்களையும் சொல்வோம். புல்லைப் பற்றிப் பேசுவோர் குறைவு. "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்ற பழமொழியில்கூடப் புல் என்பது எதற்கும் உதவாத பொருள் என்ற எண்ணமே அடியில் இருக்கிறது. இன்றைய உரையில் நான் பேச விரும்புவது அந்தப் புல்லைப் பற்றித்தான். நுவரெலியா நகரின் நடுவே, கிராண்ட் ஹோட்டலுக்கும் கடைவீதிக்கும் இடையே விரிந்து கிடக்கும் கோல்ப் மைதானத்தின் புல் அது.

அந்தப் புல்லின் மீது பந்து எவ்வளவு வேகமாக ஓட வேண்டும், அதன் அடியில் உள்ள நிலம் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பவை கோல்ப் ஆட்டக்காரர்கள் ஓயாமல் விவாதிக்கும் விடயங்கள். பணமும் ஓய்வும் உள்ளவர்களின் விவாதம். கொழுந்துக் கூடை சுமந்த நமக்கு அதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் புல்லை மட்டமாக்கும் வேலையும், அந்த மட்டத்தை ஒரு கோலால் அளக்கும் வழக்கமும், அளவு பிறந்த பிறகு மனிதருக்கு நேர்வதும் நமக்கு மிகவும் தெரிந்த கதைகள். அவற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேலே, பிதுருதலாகலை மலையின் அடியில் கிடந்த சதுப்பும் பத்தனைப் புல்லும் நிறைந்த சமவெளிதான் பழைய நுவரெலியா. ஆள்பதி எட்வர்ட் பார்ன்ஸ் 1828இல் இங்கே தமக்கு மாளிகை எழுப்பினார். அதுவே பின்னர் கிராண்ட் ஹோட்டல் ஆயிற்று. 1848இல் சாமுவேல் பேக்கர் வந்தார். இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை அப்படியே பெயர்த்து வைத்துவிடலாம் என்று மாடுகளையும் ஆடுகளையும் கலப்பைகளையும் விதைகளையும் கப்பலில் ஏற்றி வந்தவர் அவர். மலைமண் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. உரமில்லாமல் இந்த மண் எதையும் தராது என்பதைத் தம் நட்டங்களின் மூலம் கற்றுக்கொண்டு, 1855இல் அவர் நாடு திரும்பினார்.

அவருக்குப் பிறகு வந்தவர்கள் கோப்பித் துரைமார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பயிர் பெரும்பாலும் அழிந்து தேயிலை இடம்பிடித்தது. புகையிரதம் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் மிகுதி. பல்மோரல், எடின்பரோ, ஸ்ட்ராத்ஸ்பே என்று அவர்கள் தோட்டங்களுக்கு வைத்த பெயர்களே அதற்குச் சாட்சி. ஹட்டன் என்பதும் ஸ்கொட்லாந்துப் பெயர்தான். தங்கள் ஊர் விளையாட்டையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். கோர்டன் ஹைலண்டர்ஸ் என்ற ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவினரின் முயற்சியால் 1889இல் நுவரெலியா கோல்ப் கழகம் தோன்றியது. நானுஓயாவுக்கு ரயில் வந்து நான்கே ஆண்டுகள்!

கோல்ப் தெரியாத நேயர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நெடுந்தூரம் அடித்துக் கொண்டுவந்த பந்தைக் கடைசியில் ஒரு சிறு குழிக்குள் விழுத்த வேண்டும். அந்தக் குழியைச் சூழ்ந்த, மிகவும் ஒட்ட நறுக்கிய புற்றரையை ஆட்டக்காரர்கள் கிறீன் என்பார்கள். அங்கே பந்தை அடிப்பதில்லை, மெல்ல உருட்டுவார்கள். ஆகவே புல்லின் நீளம், ஈரம், படிந்திருக்கும் திசை எல்லாம் பந்தின் ஓட்டத்தை மாற்றும். புல் தாழ்ந்தால் ஓட்டம் கூடும், நனைந்தால் குறையும். இது கிறீனின் வேகம். இறுக்கம் என்பது வேறு. உயரத்திலிருந்து வந்து விழும் பந்து மண்ணில் புதைந்து நிற்கிறதா, துள்ளி ஓடுகிறதா என்பது இறுக்கத்தைப் பொறுத்தது. வேகம் புல்லின் மேற்பரப்பைச் சேர்ந்தது. இறுக்கம் அதன் கீழே உள்ள மண்ணையும், மண்ணில் தங்கும் நீரையும், மட்கிய வேர்ப்படையையும் சேர்ந்தது.

பழைய ஸ்கொட்லாந்தின் கடற்கரை மணற்றரையில் ஆடுகள் மேய்ந்துதான் புல் குட்டையாயிற்று. 1830இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் என்பவர், ஆலையில் துணியின் மயிரைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்துப் புல்வெட்டும் இயந்திரத்தைப் படைத்தார். சென்ற் அன்ட்ரூஸ் மைதானத்தின் காவலரான டொம் மொறிஸ் புல்லின் மேல் மணலைத் தூவித் தூவி அதை உறுதியாக்கினார். மணல், நீரை இறங்கவிடும், மேற்பரப்பை நிரவும். இன்றும் உலகெங்கும் கிறீன் பராமரிப்பின் அடிப்படை அதுதான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தோட்டத்தில் புல் என்றால் என்ன? அது பகை. "புல்லுவெட்டு" என்பது பெரட்டுக் களத்தில் ஆள் பிரிக்கும் வேலைகளில் ஒன்று. சுரண்டியைக் கையில் கொடுத்து, தேயிலைச் செடிகளின் இடையில் ஒரு புல்லும் நிற்காதபடி மண்ணைச் சுரண்டச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. கோப்பிக் காலத்திலிருந்தே துரைமாரின் பெருமை அந்தச் சுத்தத்தில் இருந்தது. அதன் விலையை மண் கொடுத்தது. மூடிக் காக்கப் புல்லில்லாத சரிவுகளிலிருந்து மேல்மண் மழையோடு இறங்கி ஆறுகளில் சேர்ந்தது. மலைச்சரிவில் புல்லை வேரோடு களைந்த அதே காலத்தில், பங்களா வாசலிலும் கழக மைதானத்திலும் புல்லுக்கு உரமிட்டு, நீரூற்றி, உருளை உருட்டி, குழந்தையைப் போல் வளர்த்தார்கள். வளர்க்கச் சொன்னவர் துரை. பங்களாப் புல்லை வளர்த்தது தோட்டத்து ஆள். காலையில் சுரண்டிக்குப் போனவனின் தம்பி பங்களாவில் புல்வெட்டி தள்ளிக்கொண்டிருப்பான். ஒரே வீட்டின் இரண்டு கைகள், ஒரு கை களைந்ததை மறு கை நட்டது.

நுவரெலியா மைதானத்தை நான் பாதையோரத்தில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். மைதானத்தை ஊடறுத்துப் பாதைகள் செல்வதால், கழகத்தில் உறுப்பினராக இல்லாதவனுக்கும் அந்தக் காட்சி கிடைக்கும். பனி விலகுமுன்னே வேலை தொடங்கிவிடும். பனித்துளி புல்நுனியில் நெடுநேரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே நீண்ட மூங்கில் கழியைப் புல்லின் மேல் அப்படியும் இப்படியும் வீசித் துளிகளை உதிர்ப்பது உலகின் பழைய மைதானங்களில் இருந்துவந்த வழக்கம். பூஞ்சணத்தின் கொடுமை மலையகத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோப்பியைக் கொன்றதும் அதுவே. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோயாக வந்ததும் அதுவே. தை, மாசியில் உறைபனி விழும் காலையில் இன்னொரு எச்சரிக்கை வேண்டும். உறைந்த புல்லின் மேல் கால் வைத்தால் அடிச்சுவடு கருகிப்போகும். வெயில் ஏறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இப்போது கோலின் கதைக்கு வருகிறேன். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒக்மொன்ட் மைதானத்தில் அந்நாட்டுத் திறந்த கோல்ப் போட்டி நடந்தது. புகழ்பெற்ற வீரர் ஜீன் சரஸன் உருட்டிய பந்து குழியைத் தாண்டி, கிறீனையும் தாண்டி, மணற்பள்ளத்தில் போய் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற ஆட்டக்காரருக்கு இந்தப் புற்றரை நியாயமற்ற வேகம் கொண்டது என்று தோன்றியது. ஆனால் தோன்றினால் போதுமா? நிறுவ வேண்டுமே! அவர் வாய்க்கால் வெட்டிய ஒரு மரக்கோலைச் செய்தார். 1976இல் அமெரிக்க கோல்ப் சங்கத்தின் பொறியியலாளர் பிராங்க் தொமஸ் அதை அலுமினியத்தில் திருத்தி அமைத்தார். 1978இலிருந்து மைதானப் பராமரிப்பாளர்களின் கைக்கு அது வந்தது. ஸ்டிம்ப்மீற்றர் என்று பெயர்.

அதன் எளிமை வியப்பூட்டுவது. 36 அங்குல நீளக் கோல். நடுவே நீளவாட்டில் பள்ளம். ஒரு முனையருகே பந்து உட்கார ஒரு குழிவு. மட்டமான இடத்தில் மறுமுனையைத் தரையில் ஊன்றி, பந்திருக்கும் முனையை மெல்ல உயர்த்தினால், ஏறத்தாழ 20 பாகைச் சரிவில் பந்து தானே கழன்று உருளும். எப்போது தூக்கினாலும், யார் தூக்கினாலும் ஒரே வேகம். விநாடிக்கு ஏறக்குறைய ஆறு அடி. ஒரு திசையில் மூன்று பந்து, எதிர்த்திசையில் மூன்று பந்து. ஓடிய தூரங்களின் சராசரியை அடிக்கணக்கில் சொன்னால் அதுவே கிறீனின் வேகம். எழுபதுகளில் அமெரிக்கா முழுவதும் அளந்து பார்த்தபோது சராசரி ஆறரை அடிதான் இருந்தது. அன்று எட்டரை அடி, அன்றாட ஆட்டத்துக்கு வேகமான கிறீன் என்று வகுக்கப்பட்டது. இன்று பெரும் போட்டிகளில் 12, 13 அடியும் கேட்கப்படுகின்றன.

நேயர்களே, இந்தக் கோலைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு நினைவு வந்தது வேறொரு கோல். கொழுந்து பறிக்கும் பெண்களின் மட்டக்கம்பு! என் தாயாரின் மட்டக்கம்பு எங்கள் லயத்துக் காம்பராவின் கூரையிடுக்கில் செருகிக் கிடக்கும். தேயிலைச் செடியின் தலைமேல் அதைப் படுக்கை வசமாக வைத்து, கம்புக்கு மேலே எழுந்து நிற்கும் இரண்டு இலையும் மொட்டும் மட்டும் பறிப்பார்கள். கம்புக்குக் கீழே இருப்பது அடுத்த சுற்றுக்கு. தொலைவிலிருந்து சுற்றுலாப் பயணிகள் படம்பிடிக்கும் அந்தப் பச்சைப் பாய் போன்ற மட்டம், இந்தக் கம்பும் ஆயிரமாயிரம் விரல்களும் சேர்ந்து உண்டாக்கியது. மைதானத்தில் இயந்திரம் செய்யும் வேலையை மலையில் விரல்கள் செய்தன. கிறீனின் புல்லை இன்று ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் உயரத்தில் வெட்டுகிறார்கள். ஒரு நெல்மணியின் அகலம்தான் இருக்கும். அந்த நுட்பத்தை மெச்சுகிறவர்கள் மட்டக்கம்பின் நுட்பத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டு கோல்களும் பிறந்த நோக்கம் ஒன்றே. எல்லா இடமும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஸ்டிம்ப்சன் கேட்டது வேகமல்ல, சமம். ஒரு மைதானத்தின் 18 கிறீன்களும் ஒன்றுபோல் ஓடினால் ஆட்டக்காரனுக்கு நியாயம் கிடைக்கும் என்பதே அவர் எண்ணம். ஆனால் எண் ஒன்று கைக்கு வந்ததும் கதை மாறியது. உன் மைதானம் எத்தனை அடி, என் மைதானம் எத்தனை அடி என்ற போட்டி எழுந்தது. பத்து அடி கேட்டவன் பதினொன்று கேட்டான். அதற்காகப் புல்லை இன்னும் தாழ்த்தினார்கள். தாழ வெட்டிய புல்லுக்கு உணவு செய்ய இலையில்லை, வேர் குறுகும், நோய் எளிதில் தொற்றும், மருந்து கூடும், வேலையும் கூடும்.

இதையும் நாம் அறிவோம். கொழுந்து மடுவத்துத் தராசு எதற்காக வந்தது? பறித்ததற்குச் சரியான கணக்கு வேண்டும் என்பதற்காக. அதே தராசிலிருந்துதான் "இத்தனை கிலோ பறித்தால்தான் முழுப்பேர், இல்லையேல் அரைப்பேர்" என்ற கணக்கும் பிறந்தது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவின் அளவும் கூடவே ஏறியது. நியாயத்துக்காக வந்த அளவுகோல் விரட்டும் கோலாக மாறுவதற்கு அதிக காலம் தேவைப்படுவதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மைதானத்தில் விரட்டப்படுவது புல். மலையில் விரட்டப்படுவது மனிதர்.

வேகத்தின் மீதுள்ள மோகம் ஆட்டத்தையே கெடுத்த சம்பவங்களும் உண்டு. 2004இல் நியூயோர்க் அருகே ஷின்னகொக் மைதானத்தில் நடந்த அமெரிக்கத் திறந்த போட்டியின் இறுதி நாளில், ஏழாவது கிறீன் பந்து நிற்க முடியாத அளவுக்கு உலர்ந்து இறுகிவிட்டது. ஆட்டத்தின் நடுவே நீர் தெளித்து அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 2015இல் கோல்பின் தாயகமான சென்ற் அன்ட்ரூஸிலேயே காற்றில் பந்துகள் கிறீன் மீது தாமாக நகர்ந்ததால் மணிக்கணக்காக ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஆடுகள் மேய்ந்த காலத்தில் அமைந்த மேடுபள்ளங்களுக்கு இக்காலத்து வேகம் பொருந்தவில்லை. சரிவு மாறாமல் வேகம் மட்டும் கூடினால், குழி வெட்டத் தகுந்த இடமே குறைந்துபோகும்.

நுவரெலியாவும் அந்தப் பழைய வகையைச் சேர்ந்ததுதான். 1889இல் தொடங்கிய மைதானத்தை இக்காலத்து எண்ணுக்கு இழுத்துக் கட்டுவது பொருத்தமா? ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றர் மழை. வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் மாலை மழை. இத்தகைய இடத்தில் நிலம் இறுக விரும்பினால் உருளையை உருட்டுவது குறுக்குவழி. ஆனால் ஈரமண்ணை அழுத்தினால் காற்று வெளியேறி, நீர் தேங்கி, வேர் அழுகும். நெடுவழி வேறு. மண்ணை முள்ளால் குத்தித் துளையிடுவது, துளைகளில் மணலை நிரப்புவது, வடிகால் வெட்டுவது. தேயிலைச் செடியைச் சுற்றி முள்ளால் குத்தி மண்ணை இளக்கியவர்களுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நிலத்தின் இறுக்கத்தை அளக்கவும் இன்று கருவிகள் உண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவில் பேடன் கிளெக் என்பவர் வீதி அமைப்பதற்காகக் கண்டுபிடித்த சம்மட்டிக் கருவி மைதானங்களுக்கும் வந்தது. குழாய்க்குள் விழும் எடை எவ்வளவு சடுதியாக நிற்கிறது என்பதை அது அளக்கிறது. அலவாங்கை ஒரு முறை ஊன்றிப் பார்த்துக் கன்று நடத் தகுந்த மண்ணா என்று சொன்ன நம் பாட்டன்மாருக்கு அந்தக் கருவி கையிலேயே இருந்தது.

இன்னொரு செய்தியும் நம் நேயர்களுக்குச் சுவையாக இருக்கும். வெப்பநாடுகளின் மைதானங்களில் பெரும்பாலும் போடப்படும் புல், நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகின் இனத்தது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கிளென் பேர்ட்டன் என்ற விஞ்ஞானி அறுகை அதன் ஆபிரிக்க உறவோடு கலந்து, 1956இல் கிறீன்களுக்கென்றே ஓர் இனத்தை வெளியிட்டார். தோட்டத்துக் கோயிலில் இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும் புல்லின் சொந்தக்காரன் உலகின் செல்வந்தர்களின் காலடியில் கிடக்கிறான்! அந்தப் புல்லும் விளையாத வறண்ட இடங்களில், இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும், மணலில் எண்ணெய் தெளித்து உருட்டிச் செய்த பழுப்புத் தரையில் ஆடினார்கள். இடத்துக்கு ஏற்ற ஆட்டம் என்ற அறிவு அன்று இருந்தது.

நுவரெலியாவுக்கும் அந்த அறிவே வேண்டும் என்று நான் கருதுகிறேன். இங்கே பெய்யும் நீர் நானுஓயா வழியாகக் கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. மலையுச்சியில் புல்லுக்கோ மரக்கறிக்கோ தேயிலைக்கோ இடும் மருந்து கீழே உள்ளவரின் குடிநீரை நோக்கித்தான் நகரும். எட்டு அடி ஓடும் சீரான கிறீன், பன்னிரண்டு அடி ஓடும் நோயுற்ற கிறீனைவிட நல்லது. ஸ்டிம்ப்சனின் முதல் எண்ணமும் அதுதானே!

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பின் வெள்ளைத் துரைமார் போய்விட்டார்கள். தோட்டங்கள் அரசிடம் வந்து, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. ஆட்டக்காரர்கள் மாறினார்கள்; புல் மாறவில்லை; புல்லைப் பார்க்கும் ஆளும் அதிகம் மாறவில்லை. கழகங்களின் மரப்பலகைகளில் பொன்னெழுத்தில் தலைவர்களின் பெயரும் வென்றவர்களின் பெயரும் இருக்கும். சென்ற் அன்ட்ரூஸில் புல்லைக் காத்த டொம் மொறிஸின் பெயர் உலகம் அறிந்தது. நம் மலைகளில் புல்லைக் காத்தவர்களின் பெயர்களைத் தேட வேண்டுமானால் பொன்னெழுத்துப் பலகைக்குப் போகக்கூடாது. தோட்டத்து செக்ரோலுக்குப் போக வேண்டும். யார், எந்த நாள், என்ன வேலை என்று பென்சிலால் எழுதிய அந்தத் தடித்த புத்தகங்களில் புல்லுவெட்டும் உண்டு, பங்களா வேலையும் உண்டு.

பழைய செக்ரோல்கள் ஈரத்தில் மட்கவும் கறையானுக்கு இரையாகவும் விடக்கூடியவை அல்ல. அவை நம் குடும்ப ஏடுகள். இதைக் கேட்கும் ஆசிரியர்களும் தோட்டத்து இளைஞர்களும் தங்கள் காரியாலயத்தில் அப்படியொரு புத்தகம் கிடந்தால் கேட்டுப் பார்த்துப் பிரதி எடுத்து வையுங்கள். வயதானவர்கள் வீட்டில் இருந்தால், பங்களாப் புல்லையும் மைதானப் புல்லையும் எப்படிப் பார்த்தார்கள், எந்தக் கோலால் மட்டம் பிடித்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். மட்டக்கம்பு இருந்தால் அதையும் விறகாக்கிவிடாதீர்கள்.

அடுத்த உரையில், 1873இல் அணைகட்டி உருவான கிறகறி வாவியின் கதையோடு உங்களைச் சந்திக்கிறேன்.